காலுக்குள் ஒரு மாற்றுப்பாதை

அப்போது மைசூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை எனக்கு. நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து செய்வது என்பதால், நடக்கும்போது வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிப்பதைத் தொழிலோடு வந்த வலி என்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். பெருவிரல் நுனி கறுத்து, புண் ஆறாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "உங்க கால்லயே நல்ல ரத்த நரம்பு ஒண்ணு இருக்கு. அத எடுத்து, அடைப்பத் தாண்டி ரத்தம் போற மாதிரி தெச்சு விடறேன். பீடி மட்டும் பூர்த்தி விட்டுரணும், ஆய்தா, சரியா?"

ஆபரேஷனுக்கு மறுநாள் என் மனைவி போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டாள். "ஏனுங்க, சூடா இருக்குதுங்க!" என்றவள் அழுதுவிட்டாள். மாதக்கணக்கில் சில்லென்று கிடந்த கால் அது. விரல் நுனி போயிற்று, கால் தப்பியது. தையல் ஆறி, வீக்கம் வடிய வெகுநாள் ஆனது. பீடியை விட்டது அதைவிடப் பெரிய பாடு.

அடுத்த வருஷம் வலியே இல்லை. ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாளில் மாதேஸ்வரன் மலைக்குப் போகலாம் என்றேன். "சாமி எங்கயும் போயிராதுங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்று மனைவி இழுத்துப் போனாள். தைத்த நரம்பு ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் முழுக்க மூடியிருக்குமாம். உள்ளே சின்ன பலூன் விட்டு விரித்துவிட்டார்கள்.

மனசு விட்டுப்போய், "இது எத்தன நாளைக்குத் தாங்குமுங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"சிலருக்கு மூடிக்கும். நெறைய பேருக்கு வருஷக்கணக்கா ஓடும். மாத்திரைய நிறுத்தாதீங்க, தினம் நடங்க, கூப்பிட்டா வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அது நடந்து பல வருஷமாகிறது. அந்த நரம்பில் இன்னும் ரத்தம் ஓடுகிறது. குந்துகிற வேலையை விட்டுவிட்டு, சைட்டில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். காலையில் நானும் மனைவியும் குக்கரஹள்ளி கெரெ என்கிற ஏரியைச் சுற்றி வருகிறோம். இப்போது அவளுக்குத்தான் மூட்டு வலி. நேற்றுகூட, "கொஞ்சம் மெதுவாப் போங்க, கூட நடக்க முடியலீங்க" என்றாள். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் இன்னொரு சுற்றுப் போய்வந்தேன்.