கிளிப்பச்சைப் புடவையும் டெலிவிஷன் பெட்டியும்

ஹைதராபாத் பாலாநகரில் எங்கள் தொழிற்சாலை செய்த டெலிவிஷன் பெட்டியில் படம் பளிச்சென்று தெரியும். ஆனால் அதை வீடியோ கேமராவில் எடுத்தால் திரையில் ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக மேலேறிக்கொண்டே இருக்கும். விளம்பரப் படத்தில் இதைக் காட்டினால் எவன் வாங்குவான்?

"பம்பாய்ல குடுத்து எடுத்துக்கலாம்மா. உங்க வீடியோ பிரிவையும் மூடிடலாம். நீ பழையபடி இன்ஸ்பெக்‌ஷனுக்கே போயிடு" என்றார் பெரிய அதிகாரி, டீ வேண்டாம் என்று சொல்வதைப் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டு வாங்கிய பிரிவு அது. நானும் ஒரு கேமராமேனும்தான் அதில் ஆட்கள்.

வழி எனக்குத் தெரியும். திரைமேல் சுருக்கமில்லாமல் பச்சைத் துணி ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். பச்சை இருக்கும் இடத்தில் மட்டும் வேறு படத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற மிக்ஸர் ஒன்றை இரவல் கேட்டிருந்தேன். ஆயுத பூஜையன்று கிடைத்தது, அன்று சாயங்காலமே திருப்பிவிட வேண்டும் என்ற கண்டிப்போடு.

பூஜை முடிந்து தொழிற்சாலையே காலியான பிறகு வேலையைத் தொடங்கினோம். வானிலை வரைபடத்தைத் திரைக்குள் கொண்டுவந்தேன். கறுப்புப் பட்டை போயே போய்விட்டது. ஆனால் வங்காள விரிகுடாவில் சிவப்பாக மூன்று வட்டங்கள், ஒரே நேரத்தில் மூன்று புயல் கிளம்பியதுபோல. ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சைத் துணிமேல் சந்தனமும் குங்குமமும்!

கேமராமேன் பல தலைமுறையாகச் செகந்திராபாதில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

"நீங்களா வெச்சீங்க?"

"ஹவ் மேடம், நான்தான். கேமராவுக்கு வெச்சேன், மிக்ஸருக்கு வெச்சேன். டிவியை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. நானே காலையில் என் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவள். ஈரத்துணியால் துடைத்தேன், மூன்று பொட்டும் சேர்ந்து ஒரே பொட்டானது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் ஊறியிருந்தது. கடைகள் எல்லாம் அடைப்பு.

"நக்கோ மேடம், வேண்டாம், விட்டுடுங்க. பம்பாய்க்காரங்களே எடுக்கட்டும்" என்றார் பாவமாக.

விடுவதா? மிக்ஸர் அறையை விட்டுப் போகும்வரை நான் விடுவதாக இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் என்ன கட்டியிருக்கிறேன் என்பதே கண்ணில் பட்டது. பண்டிகைக்கு அம்மா எடுத்துக்கொடுத்த கிளிப்பச்சை நூல் புடவை. கரையைத் தவிர ஒரு பூ கிடையாது, மினுமினுப்பு கிடையாது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பெண்கள் அறைக்குப் போனேன். இடுப்பில் உள்ளே செருகும் முனையிலிருந்து திரைக்கு வேண்டிய அளவு வெட்டினேன். அம்மாவிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மிச்சத்தைக் கொசுவம் குறைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். கேமராமேன் துணியையும் என்னையும் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

மிக்ஸரை எடுத்துப்போக வண்டி வந்து ஹார்ன் அடித்தபோது கடைசி ஷாட்டும் முடிந்திருந்தது.

மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பிடிபட்டேன். "நல்ல நாளும் அதுவுமா புதுப் புடவையில கத்தரி வெக்கிற பொண்ணு எங்கயாவது உண்டாடி?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். தீபாவளிவரை அந்தப் பாட்டுதான்.

தொழிற்சாலையின் குடும்ப விழாவில் நாங்கள் எடுத்த விளம்பரப் படத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் பெரிய அதிகாரி, அவருக்குப் பின்னால் அம்மாவும் நானும். படத்தில் எங்கள் பெட்டி வந்தது, அதன் திரையில் கறுப்புப் பட்டை இல்லாமல் வரைபடம் அசையாமல் நின்றது.

"எங்கடி என் புடவை?" என்றாள் அம்மா.

"டிவில அந்த மேப் தெரியுது பாரு. அந்த எடத்துலதான்."

அம்மா உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த அம்மாளிடம், "அந்த டிவில இருக்கறது எங்க வீட்டுப் புடவை" என்றாள், கூடத்துக்கே கேட்கிற மாதிரி.

பெரிய அதிகாரி திரும்பினார். "புடவையா? எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்றவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையில் தேட ஆரம்பித்தார்.