பாட்டுக்கும் பயனுக்கும் நடுவில்

அடியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற ஆடி மாதம் என் மகள் ஆரணி நினைவிழந்தாள். காலையில் தலையிடி என்று சொன்னாள். மாலையில் என்னை யாரென்று கேட்டாள். அன்றிரவு விடிவதற்குள் அவளுக்குப் பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. மூளையில் கிருமி தொற்றி வீங்கியிருக்கிறது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொன்னார். “பிழைப்பாளா?” என்று கேட்டேன். “எங்களால் ஆனதைச் செய்கிறோம்” என்றார். அவர் கதவைத் திறந்து உள்ளே போன பிறகும் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை விட்டால் எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றத்தில் கண்டிக்கு வந்து குண்டசாலையில் வீடு எடுத்துத் தங்கிவிட்டவர்கள். நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் வங்கியில் இருக்கிறார். ஆரணி பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். நகருக்குள் இருக்கும் எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாலைகளில் முருகப் பெருமானின் புராணம் படிப்போம். அந்தப் படிப்பு எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசித்து நிறுத்துவார். இன்னொருவர் அதன் பொருளைச் சொல்லுவார். அதைப் பயன் சொல்வது என்போம். வாசிப்பவர் பயன் சொல்வதில்லை. பயன் சொல்பவர் வாயைத் திறக்கும்வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் வாசிப்பது நான். பயன் சொல்லிவந்த ஐயா பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டதால், இரண்டு ஆண்டுகளாக ஆரணிதான் அந்த இடத்தில் இருந்தாள். சின்னப் பிள்ளை சொல்லி நாங்கள் கேட்பதா என்று முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் சொல்வதைக் கேட்கவே நேரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பாட்டில் ஆடு வந்தாலும் சேவல் வந்தாலும் தன் படிப்பையும் கொஞ்சம் கலந்து சொல்லிச் சிரிக்க வைப்பாள். எனக்கு எதிலும் அவசரம். அவள் பயனை முடிக்குமுன் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவேன். வீட்டுக்கு வரும்போது வாகனத்தில் என்னைப் பகிடி பண்ணுவாள். “அம்மா, முருகனே வேலை எடுத்துக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். நீங்கள் அதுக்கிடையிலை சண்டையை முடிச்சுப் போடுவியள்.”

அவள் விழுந்த அன்று படிப்பு போர்க்களத்தில் நின்றது. போர் நடக்கும் பகுதியில் புத்தகத்தை மூடி வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அசுரன் வீழ்ந்து, தேவர்களின் துயர் நீங்கி, பெருமானின் திருமணம் வரை தொடர்ந்து படித்துவிட வேண்டும். கோயிலில் என்னையும் அவளையும் விட்டால் ஆள் இல்லை. படிப்பு நின்றுபோனது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கதிரையில் இருந்தபோது என் மனம் அதையே பிடித்துக்கொண்டது. போரை நடுவில் விட்டதால்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று நம்பத் தொடங்கினேன். கணவரிடம் சொன்னேன்.

“விசர்க்கதை கதையாதையும்” என்றார் அவர். “முருகன் என்ன சோதனை மண்டபத்திலை நிக்கிற ஆளே, இடையிலை எழும்பினால் பேப்பரைப் பறிக்க?”

அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அவளை வார்டுக்கு மாற்றிய நாள் புராணத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். காய்ச்சல் குறைந்திருந்தது. நினைவு மட்டும் திரும்பவில்லை. அது திரும்புமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பகலில் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்று விட்டார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்கத் தாதியும் அனுமதி தந்தார்.

வாசித்தேன் என்று சொல்வதைவிட ஓடினேன் என்று சொல்வதே சரி. எப்படியாவது போரைக் கடந்து திருமணத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால் பிள்ளை எழும்புவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அசுரன் வீழும் இடம் முன்னால் இருந்தது. நோயாளியின் கட்டிலருகே அதை வாசிப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் அந்த இடம் நெருங்க நெருங்க இன்னும் வேகம் எடுத்தேன். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. நடுவில் ஒரு மூச்சுக்குக்கூட இடம் விடவில்லை. இடம் விட்டால் அங்கே ஆரணியின் குரல் இருக்க வேண்டும். அது இல்லை என்பது காதில் விழுந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் வாதம் வந்து ஒரு இளம் பெண் கிடந்தாள். அவளுடைய அக்கா ரோஸ்மேரி துணைக்கு இருந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர். கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கையில் செபமாலையை உருட்டியபடி நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, நல்லா பாடுறீங்க. அதுக்கு அர்த்தம் என்னாங்க?”

“அர்த்தம் சொல்லுறது நான் இல்லை. இவள்தான்” என்று கட்டிலைக் காட்டினேன். எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன்.

அவர் ஆரணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப அவங்க எப்ப சொல்றது? நீங்க பஸ்ஸ புடிக்கப் போற மாதிரில்ல படிக்கிறீங்க. வகுப்புல நான் கேள்வியக் கேட்டுட்டு நானே பதிலையும் சொல்லிட்டா, எந்தப் புள்ள வாயத் தெறக்கும்?”

கோபம் வந்தது. என் பிள்ளை கிடக்கும் நிலையில் இவருக்கு விளையாட்டா என்று நினைத்தேன். ஆனால் அடுத்த பாட்டைத் தொடங்க என்னால் முடியவில்லை. அவர் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. நான் பெருமானிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது பதிலுக்கு நிற்கவில்லை.

அன்று முதல் ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தேன். ஆரணி பயன் சொல்ல எடுக்கும் நேரம் எனக்குத் தெரியும். அந்த அளவு காத்திருந்தேன். முதல் நாள் அந்த மௌனம் என்னைக் கொன்றது. தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலக் காலம் என்பதால் கண்டியில் பாதைகளை மறித்திருந்தார்கள். வாகனங்கள் எல்லாம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. வெளியே எத்தனை சத்தம் கேட்டாலும் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. நாட்கள் போகப் போக மௌனம் மாறியது. மாறியது மௌனமா நானா என்று தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் இராகம் பிசகாமல் வாசித்த பாட்டுகளின் பொருள், அந்த இடைவெளியில்தான் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தது. கட்டிலின் அந்தப் பக்கத்தில் யாரோ அமர்ந்து கேட்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொள்வேன். அதற்குமேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரோஸ்மேரியின் தங்கை இறந்துபோனார்.

ஒரு காலை நான் போனபோது அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது. ரோஸ்மேரி சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டு நின்றார். அவரும்தான் செபித்தார். என்னைவிட அமைதியாக, என்னைவிட நம்பிக்கையாக. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் பேசினார்.

“படிக்கிறத நிறுத்திறாதீங்க அக்கா. எனக்கு அர்த்தம் தெரியாட்டியும் தங்கச்சிக்கு அது தாலாட்டு மாதிரி இருந்திச்சு.”

அன்று என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் திறந்தேன். நான் பயந்து ஓடிக் கடக்க நினைத்த அதே இடம் வந்திருந்தது. பெருமானின் வேல் அசுரனைப் பிளக்கும் இடம். பிளவுபட்டவன் மயிலும் சேவலுமாக எழுந்து வர, பெருமான் ஒன்றை வாகனமாகவும் ஒன்றைக் கொடியாகவும் ஏற்றுக்கொள்ளும் இடம். வேறு பக்கம் புரட்டலாமா என்று கை போனது. பிறகு, முருகா, நீ எங்கே நிறுத்துகிறாயோ அங்கே நிற்கிறேன் என்று சொல்லி வாசித்தேன். மழை பெய்யத் தொடங்கியிருந்தது. கணவர் மத்தியானச் சாப்பாட்டோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பாட்டை முடித்தேன். புத்தகத்தை மடியில் வைத்தேன். காத்திருந்தேன்.

“கொல்லேல்லை.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் கட்டிலில் நின்றன. ஆரணியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அது அசைந்தது.

“கொல்லேல்லை அம்மா. தன்னோடை வைச்சுக்கொண்டார்.”

அவ்வளவுதான். கண் திறக்கவில்லை. மறுபடி ஒரு சொல்லும் வரவில்லை. கணவர் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நான் தாதியைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்பதே தோன்றவில்லை. பெருமான் அசுரனைக் கொல்லவில்லை என்பது நான் வாசித்த பாட்டின் பயன். அவள் கோயிலில் சொல்வது போலவே சொன்னாள். ஆனால் அந்தச் சொல் அந்தப் பாட்டுக்கு மட்டும் உரியதாக எனக்குக் கேட்கவில்லை. என் பிள்ளையைப் பறித்துவிடுவாயா என்று பெருமானிடம் கேட்கத் துணிவில்லாமல் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தேனே, அதற்கான பதில் என் பிள்ளையின் வாயாலேயே வந்தது.

மறுநாள் கண் விழித்தாள். அதற்கடுத்த கிழமை என்னை அடையாளம் கண்டாள். எழுந்து நடக்க மாதங்கள் சென்றன. இடது கால் இன்றும் சற்று இழுபடுகிறது. கம்பஸுக்குத் திரும்பிவிட்டாள். வைத்தியர்கள் இரவு பகல் பாராமல் பார்த்தார்கள். மருந்து வேலை செய்து வீக்கம் வற்றியதால் நினைவு திரும்பியது என்று சொன்னார்கள். அதை நான் முழுவதுமாக ஏற்கிறேன். அந்தக் கைகளையும் பெருமான்தான் அனுப்பினார்.

ஆனால் ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டேன். “நான் வாசிச்சது உனக்கு எப்ப இருந்து கேட்டது, பிள்ளை?”

“நீங்கள் வாசிச்சனீங்களோ?” என்றாள். “எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அம்மா.”

“நீ பயன் சொன்னனி.”

“நானோ?” சிரித்தாள். “படுத்துக்கொண்டும் சொன்னனானோ? அப்பா, அம்மா புளுகுறா, என்னெண்டு கேளுங்கோ.”

கணவர் சிரிக்கவில்லை. “சொன்னனி” என்று மட்டும் சொன்னார். எழுந்து சுவாமி அறைக்குப் போனார். அதுவரை கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டு, வாகனத்துக்குள் இருந்தபடி பேப்பர் பார்ப்பவர் அவர்.

அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் நான் வாசித்தேன். அவளுக்குக் கேட்கவில்லையாம். அப்படியானால் கேட்டது யார்? பதிலை அவள் நாவில் வைத்தது யார்? இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

கட்டுகஸ்தோட்டைக்கு ரோஸ்மேரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போது கால் பின்வாங்கியது. என் மகள் எழுந்துவிட்டாள் என்ற செய்தியை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது? அவரே கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “வாங்க, வாங்க. மகள ஏன் கூட்டிட்டு வரல?” என்று அணைத்துக்கொண்டார். இருவரும் அழுதோம். ஒரு வீட்டுக்கு ஏன் அப்படி, இன்னொரு வீட்டுக்கு ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுபவர்களைக் கண்டால் இப்போது பயமாக இருக்கிறது. என் கண் முன்னால் நடந்ததை மட்டுமே நான் சாட்சியாகச் சொல்கிறேன். நாள்தோறும் என் வீட்டு விளக்கின் முன் அந்தத் தங்கையின் பெயரையும் சொல்லுகிறேன்.

முன்பு நான் வாசித்ததற்கும் இப்போது வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்பு எத்தனை பாட்டு முடிந்தது என்று பார்ப்பேன். இப்போது சில மாலைகளில் ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறேன். அலுவலகத்திலும் வீட்டிலும் என் அவசரம் முற்றாகப் போய்விடவில்லை. பிள்ளை வரப் பிந்தினால் இப்போதும் வாசலுக்கும் பாதைக்குமாக நடக்கிறேன். அப்போது தெரிந்த பாட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கப் பழகியிருக்கிறேன். நிற்கும்போது நான் தனியாக இல்லை.

அடியவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கலாம். வெளியே சொல்ல முடியாத ஒரு பயம் இருக்கலாம். புராணத்தைத் திறவுங்கள். இராகம் வராவிட்டால் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். ஒரு பாட்டு போதும். வாசித்த பிறகு உடனே எழுந்து போகாதீர்கள். அவரிடம் கேட்டிருக்கிறீர்கள், அவர் பேசச் சற்று இடம் விடுங்கள். இந்த ஆடியிலும் கோயிலில் படிப்பு தொடங்குகிறது. ஆரணி வருவாள். வாசிக்க வராதவர்களும் வாருங்கள். கேட்பதற்கும் ஆள் வேண்டும்.