ஆரத்தி குடித்த கல்

எங்கள் வீட்டை ஒரு கல் இரண்டு நாள் ஆட்டிவைத்தது. பெரிய கல் ஒன்றுமில்லை, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. அக்காவின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பதித்திருந்தது. அதனால் கல்யாணமே நின்றுவிடும் என்று அம்மா நம்பினாள். அம்மா ஒன்றை நம்பிவிட்டால் வீட்டில் மற்றவர்களும் நம்பியாக வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியை இறக்கிய புதிது. சைகோனில் உத்தியோகம் பார்த்த நம்மூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் அப்படி வந்தவர்தான். அங்கே சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். முதலியார்பேட்டையில் பெரிய வீடு. அம்மா அப்பா இல்லை, வளர்த்ததெல்லாம் அத்தை. அந்த அம்மாள் உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டைத் தேடி வந்து பெண் கேட்டாள். ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க நம்மிடம் வந்தார்களே என்று அம்மா அதிசயப்பட்டபோது, அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, “நம்ம குடும்பத்துப் பேரு அப்படி” என்றார். அப்பா ஆலையில் கணக்கு எழுதுபவர். அந்தப் பேர் முதலியார்பேட்டை வரை எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா கன்னியாஸ்திரிகள் நடத்திய பூத்தையல் வகுப்புக்குப் போய்வந்தாள். வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று என்னையும் கூடவே அனுப்புவார்கள். காவலுக்கு நான்! வகுப்பு முடிந்ததும் கடற்கரைச் சாலை வழியாக நடந்து, விளக்கு போடும் நேரம் வரை காற்று வாங்கிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். அக்கா தாராளமாகக் காசு கொடுத்துச் சுண்டல் வாங்கிவரச் சொல்வாள். “அவசரமே இல்ல, சூடா இருக்கிறதா பாத்து வாங்கினு வா” என்பாள். அவ்வளவு நல்லவள் நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு எனக்கு ஒரு துரோகம் செய்தாள். நான் பொட்டலத்தோடு ஓடி வந்தபோது விளக்குக் கம்பத்தடியில் நின்று உள்ளங்கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று விரல்களை மூடிக்கொண்டாள். என்ன என்று கேட்டால் சிப்பி என்றாள். காட்டு என்றால் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு நிச்சயம் வரையிலும் தீரவில்லை.

நிச்சயதார்த்தம் காலையில் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை, எங்களில் அந்த வழக்கம் இல்லை. மாப்பிள்ளையின் அத்தைதான் மோதிரம் போட்டாள். போட்ட கையை அப்படியே தூக்கிச் சபைக்குக் காட்டி, “நல்லா பாத்துக்குங்க. மரகதம்! எங்க புள்ள சைகோன்ல தேடித் தேடி வாங்கினது” என்றாள். கல் கொல்லைப்புறத்து வாழைக்குருத்து நிறத்தில் ஜொலித்தது. மோதிரம் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் பெரிது. ஆரத்தி சுற்றும்போது அக்கா கை கூப்பினாள் பாருங்கள், மோதிரம் நழுவி நேராக ஆரத்தித் தட்டுக்குள் விழுந்தது. அத்தை கலங்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரில் கையை விட்டு எடுத்து முந்தானையில் துடைத்து, “மகாலட்சுமி குளிச்சிட்டு வந்துட்டா” என்றாள். அம்மா அதை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்ததும் பெண்ணுக்குப் பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலம் மோதிரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்று அம்மா அதை எடுத்து மின்விளக்கின் கீழே பார்த்தாள். அடுத்த நிமிஷம் போட்ட கூச்சலில் நான் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“ஏங்க, ஓடியாங்க! கல்லு ஆரத்திய குடிச்சிடுச்சுங்க!”

நிஜம்தான். காலையில் பச்சையாக இருந்த கல் மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மரகதம் சாயம் குடிக்காது என்பது அவர் கட்சி. அப்படியானால் அவர்கள் போட்டது போலிக் கல்லா என்று அம்மா கேட்டாள். அப்பா குரலைத் தாழ்த்தி, “சபையில அத்தினி பேரு பச்சையா பாத்தாங்க. நாளைக்கு அந்தம்மா வந்து இதப் பாத்தா, மரகதத்த நாமதான் உருவிட்டோம்னு சொல்லும். கல்யாணம் இருக்கட்டும், தெருவுல தல காட்ட முடியுமா?” என்றார்.

அம்மா சும்மா இருப்பவள் இல்லை. ஆரத்தித் தண்ணீரில் புளியை விட்டால் சிவப்பு போய் மஞ்சளாகிவிடும் என்பது சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கல்லை ஊறப் போட்டாள். பிறகு சீயக்காய். பிறகு அடுப்புச் சாம்பல். கல் இன்னும் பளபளத்ததுதான் மிச்சம், சிவப்பு இம்மியும் இறங்கவில்லை. அம்மா மறுபடி புளித்தண்ணீரிலேயே போட்டுவிட்டு அழ உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: “விடும்மா. காலைல பச்சையாயிடும்.”

“ஆமா, நீதான் கண்ட” என்று அம்மா எரிந்து விழுந்தாள். எனக்கு மட்டும் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

காலையில் கல் பச்சை! அம்மா கற்பூரம் ஏற்றிப் புளிக் கிண்ணத்தையே கும்பிட்டாள். இராத்திரி முழுக்க ஊறியதில் புளி வேலை செய்துவிட்டது என்று அப்பாவும் தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்கே உயிர் வந்தது. அந்த சந்தோஷம் சித்தப்பா வரும் வரை நீடித்தது.

சித்தப்பா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பொதுப்பணி ஆபீசில் வேலை. எதைச் சொன்னாலும் முதலில் பிரெஞ்சில் ‘அலோர்’, அதாவது ‘அப்படியானால்’, என்று ஆரம்பித்தால்தான் அவருக்கு நாக்கு வரும். அம்மா சொன்ன கதையைக் கேட்டுவிட்டு மோதிரத்தோடு எங்கள் ஜன்னலில்லாத சமையலறைக்குள் போனார். அங்கே பகலிலும் சிம்னி விளக்கு எரியும். உள்ளேயிருந்து குரல் வந்தது: “அலோர், அண்ணி, இங்க செவப்பாத்தான் இருக்குது!” வெளியே கொண்டுவந்தார், பச்சை. உள்ளே போனார், சிவப்பு. அம்மா தூணடியில் உட்கார்ந்து, காலையில் கும்பிட்ட புளிக் கிண்ணத்தை முறைத்தாள்.

சித்தப்பாவுக்கோ தீபாவளி. வீட்டுக்கு ஓடிப் போய்த் தலையணை கனத்துக்கு ஒரு பிரெஞ்சு அகராதியைத் தூக்கி வந்தார். கொஞ்ச நேரம் பக்கம் புரட்டிவிட்டு, “இது மரகதமே இல்ல, அண்ணி. அலெக்ஸாண்ட்ரைட்டு! ரஷ்யாவுல ஒரு ராஜா பேர வச்சிருக்காங்க. பகல் வெளிச்சத்துல பச்ச, வெளக்கு வெளிச்சத்துல செவப்பு. அதான் அதோட குணமே” என்றார்.

“மரகதம் இல்லியா?” என்றாள் அம்மா. அவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

“மரகதம் வேற குடும்பம். அது சிலிக்கேட், மணலுக்கு உறவு. இது ஆக்சைடு. உலோகத்தோட பிராணவாயு சேந்து உண்டானது. இரும்பு துருப்புடிக்குதே, அதுவும் ஆக்சைடுதான்.”

“துருவா? எம் பொண்ணு வெரல்ல துருவா மாட்டிட்டுப் போனாங்க?”

“ஐயோ அண்ணி, மாணிக்கம், நீலம் எல்லாமே ஆக்சைடுதான். இதுல பெரிலியமும் அலுமினியமும் இருக்குது.”

“அலுமினியம்?” அம்மா மூலையில் இருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்தாள்.

வைடூரியத்துக்கு இது சொந்தத் தம்பி, அதே இனம், உள்ளே துளியூண்டு குரோமியம் கலந்ததால் இந்த நிற விளையாட்டு என்று சித்தப்பா சமாதானம் சொன்னார். வைடூரியம் கேதுவின் கல் ஆயிற்றே என்று அம்மா அடுத்த கவலைக்குப் போனாள். அப்பா ஆதாரம் கேட்டார். இந்தக் கல்லின் கடினம் எட்டரை, புஷ்பராகம் எட்டுதான், ஆகவே இது அதைக் கீறும் என்று அகராதியில் போட்டிருந்தது. சித்தப்பா, “அண்ணி, ஒங்க புஷ்பராக மோதிரத்தக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்” என்றார். பாவம் அம்மா, கழற்றிக் கொடுத்தாள். தாய்வீட்டுச் சீதனம். கிர்ரென்று ஒரு சத்தம். புஷ்பராகத்தின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

“எட்டுக்கு மேல! பாத்தியாண்ணே?” என்று குதித்தார் சித்தப்பா. “மாணிக்கம் ஒம்போது. அது இதக் கீறிடிச்சின்னா எட்டரைன்னு முடிஞ்சி போச்சு. எங்க, பாப்பாவோட தோட்டக் கழட்டச் சொல்லு.” அக்கா காதில் இருந்தது மாணிக்கத் தோடு. அப்போது அம்மா எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து அவர் அகராதியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

விஷயத்தை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார் சித்தப்பா. சாக்குச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்கள் என்று அப்பா மறுத்துவிட்டார். அவருடைய திட்டம் வேறு. அத்தையை நாலு மணிக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பி, வெளிச்சம் இருக்கும்போதே பூவை வைக்கச் செய்து, பலகாரம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

அத்தை நாலு மணிக்கே வந்தாள். பலகாரம் சாப்பிட்டாள், காப்பி குடித்தாள், வெற்றிலை போட்டாள். பூவை மட்டும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்துத்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா வெயில் இன்னும் இருக்கிறது என்றார், காற்று நன்றாக வருகிறது என்றார், விளக்கு போட்டால் பூச்சி வரும் என்றுகூடச் சொன்னார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. “இன்னா சம்பந்தியம்மா, இன்னும் வெளக்கு வச்ச பாடில்ல?” என்று அத்தை கேட்டே விட்டாள். அம்மா குத்துவிளக்கை ஏற்றினாள். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று.

அத்தை அக்காவின் தலையில் மல்லிகையை வைத்து, கன்னத்தை வழித்து, ஆசையாகக் கையை எடுத்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் போட்டது பச்ச” என்றாள்.

அப்பா எழுந்து, கை கட்டிக்கொண்டு அத்தை முன்னால் நின்றார். அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா அலோர் என்று ஆரம்பித்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திவிட்டார். பிறகு அவர் அக்காவிடமிருந்து மோதிரத்தை வாங்கி, “ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்கம்மா” என்று முன்னால் நடந்தார். வாசலில் வானத்து வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தை பார்த்தாள். உள்ளே வந்து விளக்கில் பார்த்தாள். மறுபடி தானே வாசலுக்குப் போனாள். அவள் போய்ப் போய் வர, நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போய்ப் போய் வந்தோம். கடைசியில் வியர்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அடேங்கப்பா!” என்றாள். “பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. ரெண்டு மோதரம் போட வேண்டிய எடத்துல ஒரே மோதரமா முடிச்சிட்டான் பாரு! எங்க புள்ள கெட்டிக்காரன்.”

அம்மா அழுதாள், சிரித்தாள், அத்தைக்கு இரண்டாம் தடவை காப்பி போட ஓடினாள். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இந்த அதிசயத்தை மாப்பிள்ளை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அம்மா கேட்க, “அவனுக்கே தெரிஞ்சிருக்காது, பாவம், பச்சப்புள்ள” என்றாள் அத்தை. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பயம் போனதும் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. “இவ இந்தக் கல்ல ஊருக்கெல்லாம் காட்டுறா. அன்னிக்கு பீச்சுல வெளக்குக் கம்பத்தாண்ட ஒரு சிப்பி வச்சிருந்தா, அத எனக்கு மட்டும் காட்டவே இல்ல!” என்று சபையில் போட்டு உடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தாவணி மறைவில் என் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

கல்லூரியில் வேதியியல் படித்தபோது சித்தப்பாவின் ஆராய்ச்சியில் இருந்த ஓட்டை எனக்குப் புரிந்தது. இதே போல் நிறம் மாறும், மாணிக்க இனத்தைச் சேர்ந்த குருந்தக்கல்லைத் தொழிற்சாலையில் செய்து, கீழ்த்திசைத் துறைமுகங்களில் அலெக்ஸாண்ட்ரைட் என்று விற்றிருக்கிறார்கள். அதன் கடினம் ஒன்பது, அதுவும் புஷ்பராகத்தைக் கீறும். எப்படியிருந்தாலும் ஆக்சைடுதான், அந்த மட்டில் சித்தப்பா தோற்கவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது அக்கா மோதிரத்தைக் கழற்ற மறுத்துவிட்டாள். “அந்தக் கல்லப் பத்தி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எப்பவோ தெரியும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடே அலறிய அந்தச் சாயங்காலம், அகராதி வருவதற்கு முன்னாலேயே, காலையில் பச்சையாகிவிடும் என்று சொன்னவள் அவள். கல்லை விளக்கு வெளிச்சத்தில் முன்பே பார்த்தவளால்தான் அப்படிச் சொல்ல முடியும். பார்த்தேன் என்று சொன்னால் எங்கே, யாரோடு என்ற கேள்வி வரும். அதனால்தான் அம்மா அழ அழ வாயை மூடிக்கொண்டு எனக்குத் தலை பின்னினாள். சூடான சுண்டலுக்காக நான் காத்து நின்ற எத்தனை சாயங்காலங்களில் முதலியார்பேட்டை மாப்பிள்ளை அந்தக் கடற்கரைக்கு வந்துபோயிருக்கிறார்!

காவலுக்குப் போனவளுக்கு அன்று இதெல்லாம் எங்கே தெரிந்தது? இராத்திரி பாயில் படுத்துத் தொடையைத் தேய்த்துக்கொண்டே, இவ்வளவு பெரிய கல்யாணப்பெண் கேவலம் ஒரு சிப்பிக்காக இப்படிக் கிள்ளுவாளா என்று நினைத்து அழுதேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, இருட்டில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.