அழுதுகொண்டே போட்ட கையெழுத்து

தெரு அவளுக்கு வைத்த பெயர் ராங்கி. மாவு மில்லில் மெஷின் ஓடும்போது மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் சாதாரணமாகப் பேசினாலே போதும், மெஷின் கொஞ்சம் அடங்கிக்கொள்ளும். கட்டிக்கொண்டு போன வேகத்திலேயே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், அன்றே கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவோடு மில்லில் நின்றுவிட்டாள். அப்பாவும் கண்ணை மூடுவதற்குமுன் மில்லை அவள் பேருக்கே உயில் எழுதி வைத்தார்.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. கடைத்தெருவை ஒட்டிய இடம், விற்றால் கொழுத்த விலை. உயில் செல்லாது என்று கோர்ட்டில் நின்றான். விசாரணைக்கு முந்தைய நாள் சமாதானம் பேசவும் வந்தான்.

“வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். வீட்டு விஷயத்தை ஏன் சந்தி சிரிக்க வைக்கிறே?”

“சிரிக்க வச்சவன் நீ. பாதி மெஷின்ல எப்படிண்ணே மாவு அரைக்கிறது? டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு.”

மறுநாள், உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்துச் சலூன்காரர் கூண்டில் ஏறினார். பெரியவர் தன் கண்ணெதிரேதான் கையெழுத்துப் போட்டார் என்று அடித்துச் சொன்னார். ராங்கிக்குப் போன உயிரில் பாதி திரும்பியது.

அதையும் பறிக்க ஏறினான் அண்ணனின் மைத்துனன்.

“அன்னைக்கு நானும் மில்லுல இருந்தேங்க ஐயா. பெரியவர் அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாரு. தாரைதாரையாத் தண்ணி. இவங்க பக்கத்துலயே முறைச்சுக்கிட்டு நின்னாங்க. மிரட்டித்தான் வாங்கியிருக்காங்க.”

நீதிபதியின் பேனா நின்றது. மிரட்டி வாங்கியது என்றால் உயிலும் போச்சு, மில்லும் போச்சு. ராங்கி துள்ளி எழுந்தாள்.

“அடப்பாவி! நீ என்ன அரைக்க வந்தேன்னு சொல்லுடா!”

“உட்காருங்கம்மா. இன்னொரு தடவை கத்தினா வெளியே அனுப்பிடுவேன்.”

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததே சண்டைக்கு நிற்பது போல இருந்தது. அவளுடைய வக்கீலம்மா சிரிப்பை மென்று விழுங்கியபடி கூண்டை நெருங்கினாள்.

“அவங்க கேட்டதையே நானும் கேக்கறேன். என்ன அரைக்கப் போனீங்க?”

“மிளகாய்.”

“கையெழுத்துப் போடறப்ப மெஷின் நின்னுச்சா?”

“அவரா நிறுத்துவாரு? பாதியில நிறுத்தினா அடைச்சுக்கும்னு ஓட விட்டுக்கிட்டேதான் போட்டாரு.”

“உங்க கண்ணுல தண்ணி வந்துச்சா?”

“வராம? மூக்குலயும்தான் வந்துச்சு.”

“உங்களை யாரு மிரட்டினா?”

கோர்ட் சிரித்த சிரிப்பில், கூரையில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் வேறு கோர்ட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டன.

அண்ணனின் வக்கீல் விடவில்லை. “அப்படின்னா, கண்ணுல தண்ணியோட அந்தச் சலூன்காரர் மட்டும் கையெழுத்தை எப்படிப் பார்த்தாராம்?”

“உங்க சாட்சி பார்த்த மாதிரிதான்” என்றார் நீதிபதி, தலையைத் தூக்காமல்.

உயில் செல்லும் என்று தீர்ப்பானது. வெளியே படிக்கட்டில் அண்ணன் வழிமறித்தான்.

“இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே. மேல்கோர்ட்டுக்குப் போவேன்.”

“போ, நானும் வர்றேன். உன் மச்சானை மறக்காமக் கூட்டிட்டு வந்துடுண்ணே. அவனை மாதிரி ஒரு சாட்சி எனக்கு எங்க கிடைப்பான்?”