மெஸ் தளத்து ரோஷன் பேகம்

ஜமீர் வீட்டை விட்டுப் போனது பக்ரீத் கழிந்த செவ்வாய்க்கிழமை. தூறல் விடுவதும் பிடிப்பதுமாக இருந்த காலை. குட்டி யானை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, பிரியாணித் தேக்சாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்றினான். மூடிகள் போயின. துடுப்புகள் போயின. இரும்பு அடுப்புகள் போயின. கடைசியில் கறி வெட்டும் புளியமரக் கட்டையையும் உருட்டிக்கொண்டு வந்தான்.

அரிசி களைந்துகொண்டிருந்த ரோஷன் பேகம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது எங்கத்தா குடுத்தது."

"கட்டையில உங்கத்தா பேரா எழுதிக் கீது?" என்றான் ஜமீர்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஏதோ தர்மம் செய்கிறவன் போலத் தலையை வெளியே நீட்டினான். "இந்தத் தளத்தை நீயே வெச்சிக்க ரோஷனு. அதைத் தூக்கிக்கினா போவ முடியும்?"

அவன் சிரித்தான். ஓட்டுநரும் சிரித்தான். புருஷன் போனதைக்கூட அவள் ஒருவழியாக விழுங்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத அந்த ஓட்டுநர் சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அவன் போனது மண்ணூர்பேட்டைக்கு, ஷாகிதா வீட்டுக்கு. ஷாகிதா ஒரு கல்யாண மண்டபத்தில் புக்கிங் பார்த்தவள். அவளை நிக்காஹ் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்து, ரோஷன் பேகத்துக்கு மட்டும் கடைசியாகத் தெரிந்தது.

அவன் விட்டுப்போன தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடி – பூந்தமல்லி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், கருவேலமும் புதுப் புது அடுக்குமாடிகளும் கலந்து கிடக்கிற பொட்டலில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய சிமெண்ட் தரைகள் இருக்கின்றன. சுவர் கிடையாது, கூரை கிடையாது, வெறும் தரைதான். உலகப் போர் நடந்தபோது ஆவடிப் பக்கம் விமானத்தளம் போட்டார்கள். குண்டு விழுந்தால் மொத்தப் பேரும் ஒரே இடத்தில் சாகக் கூடாது என்று, பட்டாளத்துக்காரர்கள் தங்கும் கொட்டகைகளை ஓடுபாதையிலிருந்து வெகுதூரம் தள்ளிச் சிதறிப் போட்டார்கள். போர் முடிந்ததும் தகரத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் தூக்கிப்போனார்கள். தரை மட்டும் மிச்சம். ஒன்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒன்றில் மூன்று படிகள் ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் முடிகின்றன. அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "எந்த பில்டர் பாதியில உட்டுட்டு ஓடிட்டான்?" என்று கேட்பார்கள்.

மேஸ்திரி இருதயராஜின் வீடு நிற்பது சிப்பாய்கள் குளித்த தரையில். தண்ணீர் வடிய வாட்டம் வைத்துப் போட்ட தரை என்பதால் அவன் கட்டிலின் இரண்டு கால்களுக்கு மட்டும் எப்போதும் செங்கல் அண்டை கொடுத்திருக்கும். அவன் வீட்டுக்கு அடுத்தது மெஸ் தளம். பட்டாளத்துக்குச் சோறு ஆக்கிய இடம். இரண்டு பக்கமும் கழிவுநீர் ஓட வாய்க்கால், ஒரு மூலையில் கழுவு தொட்டி. ஜமீரின் அத்தா, அந்தக் காலத்துப் பிரியாணிப் பண்டாரி, கல்யாண பிரியாணி ஆக்க இதைவிட வாகான இடம் கிடைக்காது என்று கண்டுகொண்டார். நிலம் திருநின்றவூர் ராஜசேகரனுடையது. வாடகை கிடையாது, எழுத்து கிடையாது. வருஷா வருஷம் பக்ரீத்துக்கு ஒரு தூக்குச் சட்டி பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

ரோஷன் பேகம் பூந்தமல்லியில் மெத்தை தைக்கிறவர் மகள். பத்தொன்பது வயதில் இந்தத் தளத்துக்கு மருமகளாக வந்தாள். உப்பு பார்ப்பது அவள் நாக்கு, தம் உடைக்கும் நேரம் சொல்வது அவள் மூக்கு. ஆனால் கல்யாண வீட்டார் சால்வை போர்த்தியது ஜமீருக்கு. அதில் அவளுக்குக் குறை இருந்ததாக யாரும் அன்று சொல்லியிருக்க முடியாது.

ஜமீர் போன மறுமாதம் அவளுக்குக் குறை மட்டுமே இருந்தது. வாடகைத் தேக்சாவில் ஆக்க ஆரம்பித்தாள். யாரும் வரவில்லை. பிரியாணி என்றால் ஜமீர் பாய், ஜமீர் பாய் என்றால் இப்போது மண்ணூர்பேட்டை. அவள் ஒரு பெயிண்டரைப் பிடித்து, சாலைத் திருப்பத்தில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினாள்: 'ஜமீர் பாய் சம்சாரம் பிரியாணி. ஒரே சம்சாரம்.'

ஆவடி முழுக்கச் சிரித்தது. ஜமீர் ஆள் அனுப்பிப் பலகையைப் பிடுங்கினான். அவள் அடுத்த வாரமே அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினாள்.

"இன்னாம்மா இது, அசிங்கமா கீது" என்றாள் மகள் சபீனா. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். உடன் வேலை செய்கிறவர்கள் பலகையைப் படமெடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தார்கள்.

"அவனுக்கு அசிங்கமா கீதா?"

"அத்தாவுக்கும்தான்."

"அப்ப சரி" என்றாள் ரோஷன் பேகம்.

ஆனால் பலகையால் ஜமீரின் பிழைப்பு போய்விடவில்லை. அவனுக்கு மேலும் மேலும் ஆர்டர் வந்தது. அவன் தலைகுனிந்து நிற்பதை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு துஆ இல்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து அதையேதான் கேட்டாள்.

ஒரு நாள் காலை, கையில் அளவு டேப்போடு இருதயராஜ் வந்தான். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி சங்கடம்.

"அக்கா, தப்பா நினைக்காத. பாய் மண்ணூர்பேட்டைல புதுசா சமையல் தளம் போடறாரு. வேலை எனக்குக் குடுத்திருக்காரு."

"நல்ல சேதிதானே. இதுல இன்னா தப்பு?"

"இல்ல... நம்ம மெஸ் தளம் மாதிரியே வேணுமாம். நீளம், அகலம், வாய்க்கால், வாட்டம், அச்சு அசலா. கொஞ்சம் அளந்துக்கறேன்."

"அளந்துக்கோ நைனா. டேப்பை நான் பிடிக்கறேன்."

இருதயராஜுக்கு நிம்மதியாகிவிட்டது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள். அவன் அளந்து அளந்து குறித்துக்கொண்டான். தளத்தின் நடுவில் நீளவாக்கில் கன்னங்கரேலென்று ஓடிய பட்டைக்கு வந்ததும் நின்றான். அடுப்புகள் எப்போதும் வரிசையாக அதன்மேல்தான் இருக்கும்.

"இது இன்னாக்கா, தனியா எதுனா போட்டு வெச்சிருக்கானா வெள்ளைக்காரன்?"

ரோஷன் பேகம் அந்தப் பட்டையின்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"கரி" என்றாள். "இருவது வருசத்துக் கரி."

அது கரி மட்டும் அல்ல. ஜமீர் பட்டையைத் தாண்டி ஒரு நாளும் அடுப்பு வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அத்தா வெச்ச எடம்" என்பான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. பண்டாரி வீடுகளில் அடுப்பு இடத்தை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் பரக்கத்தும் செழிப்பும் போய்விடும் என்று பயம். ரோஷன் பேகம்தான் ஒருமுறை, ஜமீர் சரக்கு வாங்கப் போயிருந்தபோது, பெரிய வலிமா விருந்து ஒன்றுக்கு இடம் போதாமல் ஓர் அடுப்பைப் பட்டைக்கு வெளியே வைத்தாள். விறகு பிடித்து எரிந்த கொஞ்ச நேரத்தில் தரை பட்டாசு போல வெடித்துச் சில்லு தெறித்தது. கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுப்பை இழுத்து மறுபடி பட்டைமேல் வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மழைநாளில் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்தாள். கரிக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் செங்கற்கள், பக்கவாட்டில் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தன. நெருப்பு தாங்கும் சூளைக்கல். சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் கொதித்தால் தரையைப் பிளந்துகொண்டுதான் வரும். அது தெரிந்துதான் பட்டாளத்துக்காரன் கல் பதித்திருக்கிறான். அன்று ஜமீரிடம் சொல்ல வாயெடுத்தாள். காலில் கட்டுப் போட்டிருந்தவளைப் பார்த்து, "கண்ணு தெரியாம வேலை செய்வியா?" என்று அவன் எரிந்து விழுந்ததில் சொல்லாமல் விட்டாள்.

இப்போது மனசாரச் சொல்லாமல் விட்டாள்.

புதுத் தளத்தில் முதல் சமையல் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். அந்தக் காலையில் ரோஷன் பேகம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சபீனா போனைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"அம்மா, அத்தா தளம் வெடிச்சுட்ச்சாம்! அடுப்பு சாஞ்சு ரெண்டு தேக்சா அப்படியே கவுந்துட்ச்சு. ஜனம் வந்து குந்தினு கீது, இலையில போட சோறு இல்லையாம்!"

"ஆளுக்கு?"

"அத்தாவுக்குக் கையில கொப்புளம். வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல."

ரோஷன் பேகம் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. அவள் ஆயுசில் அதைவிட ருசியான டீ குடித்ததில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னா சொன்னாங்க? அதைச் சொல்லு" என்றாள். சபீனா சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்ல வைத்தாள். பெண்ணின் மாமன் ஜமீரின் தொப்பியைத் தட்டிவிட்டான் என்ற இடத்தை மூன்றாவது தடவையும் கேட்டாள்.

அதன் பிறகுதான் சபீனா மிச்சத்தைச் சொன்னாள். "இருதயராஜ் அண்ணனை அத்தா எல்லார் எதிர்லயும் செவுட்டுல அறைஞ்சுட்டாராம். சிமெண்ட்டைத் தின்னுட்டு மண்ணைப் போட்டுட்டான்னு."

ரோஷன் பேகம் டம்ளரைக் கழுவப் போனாள். சபீனா பின்னாலேயே வந்தாள். சின்ன வயதில் அம்மாவின் அந்தக் கால் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த அண்ணன் உனக்கு இன்னாம்மா பண்ணாரு?"

"ஒரு வருசமா ஊருக்கே தெரிஞ்சு, எவன் எங்கிட்ட வந்து சொன்னான்? அவன் சொன்னானா?"

"அதுக்கு இதுவா?"

"போடீ. வேலைக்கு நேரமாவுது."

அந்த ஒரு கல்யாணத்தோடு ஜமீரின் பெயர் கெட்டது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் பருத்திப்பட்டு தாண்டி இந்தப் பக்கம் திரும்பின. ரோஷன் பேகம் சொந்தத் தேக்சா வாங்கினாள். ஆட்கள் வைத்தாள். சாலைத் திருப்பத்துப் பலகையை இறக்கி, தன் பெயரை மட்டும் எழுதி மாட்டினாள். ஜமீர் கேஸ் அடுப்புக்கு மாறி, ஷாகிதாவின் அண்ணன் கடையில் குஸ்கா போடுவதாகக் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட அன்று ஆட்களுக்கு ஃபிர்னி செய்து கொடுத்தாள். என்ன விசேஷம் என்று யாருக்கும் சொல்லவில்லை.

இருதயராஜின் கதைதான் வேறாகப் போனது. 'வெடிச்ச தரை மேஸ்திரி' என்று பெயர் விழுந்துவிட்டது. வீடு கட்டும் வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அவன் விறுவிறுவென்று மெஸ் தளத்துக்கு வந்தான். யாரோ ஒரு சூளைக்காரர் பேச்சுவாக்கில் விவரம் சொல்லியிருக்க வேண்டும். கழுவு தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கறுப்புப் பட்டையில் ஊற்றினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரணையால் சுரண்டினான். மஞ்சள் கல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டினான். அங்கேயும் மஞ்சள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்தினார்கள். ரோஷன் பேகம் எழுந்து நின்றாள்.

"கரி" என்றான் இருதயராஜ்.

அவள் குனிந்து அந்த மஞ்சள் கல்லைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு கீதுக்கா" என்றான். கரணையைத் தொட்டியில் அலசி இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

அந்த ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டி பிரியாணி கொடுத்தனுப்பினாள். திறக்காமலேயே திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் அனுப்பினாள், அப்போதும் அப்படியே. பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். சொல்லியிருந்தால் ஜமீர் இன்றைக்கும் மண்ணூர்பேட்டையில் சால்வை போர்த்திக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது. இருதயராஜ் ஏதோ அடுக்குமாடிக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்து, தினமும் அவள் தளத்தைக் கடந்து பைக்கில் போய்வந்தான். தலையைத் திருப்ப மாட்டான்.

ராஜசேகரன் காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். பக்ரீத் பிரியாணியைப் பூட்டிய வீட்டின் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜமீர் போய் ஏழாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நூம்பலில் திங்கட்கிழமை நடக்கும் கல்யாணத்துக்குக் கறிக்காரனிடம் கணக்குச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தபோது, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இருதயராஜ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'அக்கா, ராஜசேகரன் ஐயா பசங்க நிலத்தை எங்க கம்பெனிக்கு வித்துட்டாங்க. போன வருசமே ரிஜிஸ்டர் ஆயிட்ச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும். திங்கக்கெழம காலைல ஜேசிபி வருது, தளத்தை ஒடைக்கற வேலைக்கு நான்தான் சூப்பர்வைசர். அன்னிக்கு உனக்கு நூம்பல் கல்யாணம் கீதுன்னும் தெரியும். தேக்சாவெல்லாம் ஞாயித்துக்கெழமக்குள்ள எடுத்துக்கோ.'