காயாத பொட்டு

சூடான எஞ்சினில் சந்தனம் வைத்தால் ஒரு வாசம் வரும், தெரியுமா? டீசல் புகையும் கோயில் பிரகாரமும் ஒன்றாகக் கலந்த மாதிரி... எங்கள் முதல் லாரியில் ஏறினால் அந்த வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும்.

முதல் லாரி என்றதும் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். ஆனையூரில் சண்முகம் அண்ணன் என்று ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி. முட்டி வலி, இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று விற்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அதுவரை வேறொருவர் வண்டிக்கு டிரைவர். "இனிமே வரமாட்டேன் மொதலாளி, சொந்த வண்டி ஓட்டப் போறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இது படுத்துவிட்டால் அதே வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

வண்டி பார்க்கப் போன அன்று, பானெட்டைத் தூக்கினால் எஞ்சினின் பக்கவாட்டில் அகலமாக ஒரு விபூதிப் பட்டை. அதன் மேல் அப்பளம் அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டி அது. அவ்வளவு சூட்டிலும் சந்தனம் ஈரமாகவே இருந்தது!

"அந்தப் பொட்டு காயவே காயாதும்மா... சாமி இருக்குற வண்டி" என்றார் சண்முகம் அண்ணன்.

இவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் போயிருந்தோம். அந்தப் பேச்சை அதற்கப்புறம் இரண்டு பேருமே எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் தெருக்காரர்கள் எல்லாம் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் லோடு வாழைத்தார். செக்கானூரணிப் பக்கம் ஏற்றி சிம்மக்கல் கொண்டுபோய் இறக்க வேண்டும். "நீயும் ஏறு, மொத ஓட்டம்" என்று என்னையும் கூட்டிப் போனார். தலையில் மல்லிகைப்பூ, மடியில் தூக்குவாளி நிறைய எலுமிச்சை சோறு... மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நாகமலை புதுக்கோட்டை நெருங்கும்போது வண்டி முனக ஆரம்பித்தது. டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் குபுகுபுவென்று ஆவி. நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. செல்வம் என்று ஒரு மெக்கானிக் வந்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, ஹோஸ், பம்ப் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"ஊத்துன தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கு... எங்கயும் ஒழுகக் காணோமேண்ணே" என்றவர், பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதக் கொஞ்சம் தொடைங்க."

"செவ்வாக்கிழமையும் அதுவுமா... சாமிப் பொட்ட எப்புடி தொடைக்கிறது? நீயே தொடையேன்."

"நான் கை வைக்க மாட்டேன்ணே. ஒங்க வண்டி, ஒங்க சாமி."

இரண்டு ஆம்பளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நானே முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். தோசை மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. சந்தனத்துக்கு அடியில் விபூதி, அதற்கு அடியில் பழைய சந்தனம்... எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில், ஓட்டை அடைக்கிற எம்-சீல். அதுவும் பாதி என் கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஒரு விரிசல். என் சாண் நீளம் இருக்கும். அதிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது.

"பிளாக்கே கீறல் விட்டுருக்குண்ணே" என்றார் செல்வம். பிளாக் என்றால் எஞ்சினின் உடம்பு. அது போனால் வண்டி போன மாதிரிதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் பொட்டு காயாமல் இருந்ததற்குக் காரணம் இந்த ஒழுகல்! இதையா தொட்டுக் கண்ணில் ஒற்றினோம்? இதையா தெருவே கும்பிட்டது? இவர் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாழைத்தார் வேறு வண்டிக்கு மாறியது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபம் எனக்குத்தான் வந்தது. சண்முகம் அண்ணனுக்குப் போன் போட்டு, "சாமி பேரச் சொல்லி இப்புடி ஏமாத்தலாமாண்ணே?" என்று கத்தினேன். மனுஷன் உடனே டிவிஎஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். குனிந்து அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் வாங்கும்போதே இந்தப் பொட்டு இருந்துச்சும்மா. வெள்ளிக்கெழம தவறாம அது மேலயே வச்சுக்கிட்டு வந்தேன்... தொடைக்கணும்னு தோணவே இல்லையே தாயி."

அவர் பொய் சொல்லவில்லை. அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்ததை நானே பார்த்தேனே! முதல் பொட்டை வைத்த புண்ணியவான் யார் என்று அவருக்கும் தெரியாது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போன அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த முட்டி வலியோடு பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாடல் பிளாக் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தவர் அவர்தான். வண்டி எழுந்தது. இவர் அந்த முதலாளி வாசலுக்குத் திரும்பப் போகவில்லை. அது எனக்குப் போதும்.

இப்போது இருப்பது புது வண்டி. சூடு ஏறினால் அதுவே கீச்சென்று கத்தும், விளக்கு எரியும். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங், டயர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் இவர் பொட்டு வைப்பார். எஞ்சின் பக்கம் வந்ததும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் சின்னதாக ஒன்று வைப்பேன்.

சாயங்காலம் பானெட்டைத் தூக்கி அதைத் தொட்டுப் பார்ப்பேன்... காய்ந்து உதிர்ந்தால்தான் கும்பிடுவேன்.