ஆறரை மணி விமானம்

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்குச் சென்னையில் இதய அறுவை சிகிச்சை. புதன்கிழமை இரவுக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும். தவறினால் அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதமாகும், அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலைச்சல் வேண்டாமென்று மதுரையிலிருந்து விமானத்தில் போக முடிவு செய்தோம்.

அன்று இரண்டு விமானங்கள் இருந்தன. நாலு மணிக்குப் போவது மலிவுக் கட்டணக் கம்பெனியுடையது. ஆறரைக்குப் போவது சாப்பாடெல்லாம் கொடுக்கும் பழைய கம்பெனியுடையது, கட்டணம் ஒன்றரை மடங்கு.

“நாலு மணின்னா ராகுகாலத்துல வீட்டை விட்டு இறங்கணும். ஆறரைக்கே போட்டிருங்களேன்” என்றாள் மனைவி. நானோ பேரம் பேசியே பிழைப்பவன். “ஒரு மணி நேரத்துக்குச் சாப்பாடு எதுக்குட்டி?” என்று சிரித்துவிட்டு மலிவானதையே பதிவு செய்தேன்.

அவளும் விடவில்லை. காலையிலேயே நல்ல நேரம் பார்த்து, பரஸ்தானமாக ஒரு பையை எதிர்வீட்டில் வைத்துவிட்டாள். பை வீட்டை விட்டு இறங்கிவிட்டால் பயணம் தொடங்கியதாக அர்த்தம். கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டால் போதும். எதிர்வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பன்னிரண்டரைக்குக் கார் வந்த அவசரத்தில் பையை எடுக்க மறந்தது நான்தான். விமான நிலைய வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டபோதுதான் பை ஞாபகம் வந்தது. இருவர் அட்டையும் ஆஸ்பத்திரி ஃபைலும் அந்தப் பையில்.

“பதறாதீங்க அண்ணாச்சி, இந்தா வாரேன்” என்று போனை வைத்த பாய் பைக்கில் கிளம்பிவிட்டார். ஆனால் நூறு கிலோமீட்டர், அதிலும் மழை. நாலு மணி விமானத்தைப் பிடிக்க வழியே இல்லை.

வெளியே இருந்த டிக்கெட் ஜன்னலில் மலிவுக் கம்பெனி ஊழியரிடம் போய் நின்றேன். அன்றைக்கு அவர்களுக்கு வேறு விமானம் இல்லை. பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தவர், எழுந்து பக்கத்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்த பழைய கம்பெனிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, ஆறரை விமானத்தில் மிச்சமிருந்த இரண்டு இடங்களை எங்களுக்காகப் பிடித்து வைக்கச் செய்தார்.

“அவிய உங்களுக்குப் போட்டியில்லா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“போட்டியெல்லாம் கம்பெனிக்கு அண்ணாச்சி. நாங்க இங்கன ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுதோம்” என்றார். சொந்த ஊர் கயத்தாறாம்.

நாலரைக்குப் பாய் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். பையை மட்டும் ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி, ஒரு சொட்டு ஈரம் படாமல் கொண்டுவந்திருந்தார்.

அவள் கேட்ட அதே விமானத்தில்தான் போனோம். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எனக்கு இன்றும் ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால், நெஞ்சைத் திறக்கப் போகிறார்களே என்ற பயத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒரு நல்ல நேரத்தை மட்டும்தான். அதிலும் நான் மலிவு பார்த்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.